பழைய தொட்டி மண்ணில் எது தீர்கிறது, எது மிஞ்சுகிறது?

பங்குனி மாதக் கடைசியில் காரைக்குடியின் பழைய தெருக்களில் காலை வேளையில் நடந்துபோனால், சில வீடுகளின் பின்வாசல் ஓரத்தில் தொட்டியின் வடிவம் அப்படியே பதிந்த மண்கட்டிகள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். தக்காளியும் கத்தரியும் காய்த்து ஓய்ந்த பிறகு, "சத்துப் போன மண்ணு, இனி இதை வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்று கொட்டப்பட்டவை அவை. எங்கள் தெருவில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஆச்சி ஒருவர் வருடந்தோறும் இப்படித்தான் செய்துவந்தார். கொட்டிய மண்ணுக்கு ஈடாக மூட்டை மூட்டையாகப் புதுக்கலவை வாங்கி, அந்த வயதிலும் ஆள் வைத்து மாடிக்கு ஏற்றினார். மண்ணை மாற்றவே மாற்றாமல், வாடிய செடிக்கெல்லாம் உரத்தை மட்டும் அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. நானே முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன், அதனால் நல்ல மல்லிகைச் செடிகள் சிலவற்றை இழந்தேன்.

மண்ணைக் கொட்டுகிறவரும் உரத்தைக் கொட்டுகிறவரும் எதிரெதிராகச் செயல்படுவதுபோலத் தெரிந்தாலும், இருவரிடமும் இருப்பது ஒரே எண்ணம்தான்: மண் என்பது செடியின் சாப்பாடு, செடி அதைத் தின்று தீர்த்துவிட்டது என்ற எண்ணம். அந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொண்டால், பழைய மண்ணில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளுக்குப் பயன்படுத்த முடியும் என்பதும், அதற்கு முதலில் தேவைப்படுவது உரம் இல்லை என்பதும் விளங்கும்.

செடி மண்ணைத் தின்பதில்லை

பதினேழாம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் இந்தக் கேள்வியை ஒரு தொட்டியிலேயே சோதித்துப் பார்த்தார். நன்கு உலர்த்தி எடை போட்ட 200 பவுண்டு மண்ணில், அதாவது ஏறத்தாழ 90 கிலோ மண்ணில், 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டாக வளர்ந்திருந்தது. மண்ணைத் திரும்ப உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்தது 2 அவுன்ஸ், நம் கணக்கில் 57 கிராம் அளவே. அவர் இறந்த பின் 1648-இல் வெளியான இந்தச் சோதனையிலிருந்து, மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தது தவறு. காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்துதான் செடி தன் உடலின் பெரும்பங்கைக் கட்டிக்கொள்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. ஆனால் மண் தின்னப்படுவதில்லை என்று அவர் காட்டியது இன்றுவரை நிற்கிறது. செடி மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் தாது உப்புகள் அவசியமானவை, ஆனால் அளவில் மிகச் சிறியவை.

அப்படியானால் புதிதாக நிரப்பிய தொட்டியில் ஒரு வருடத்துக்குள் மண் நான்கு விரற்கடை இறங்கிப்போகிறதே, அது எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கான விடையில்தான் தொட்டி மண்ணின் முழுக்கதையும் அடங்கியிருக்கிறது.

சுவர்களும் அறைகளும்

செட்டிநாட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று எவ்வளவு பெரிதாகக் கட்டியிருந்தாலும் மனிதர்கள் வாழ்வது சுவருக்குள் இல்லை. சுவர்களுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடத்தில்தான். திறந்த முற்றத்தில் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. சிறிய அறைகளில் நெல்லும் புளியும் சேர்த்துவைக்கப்படுகின்றன. மண்ணும் ஏறத்தாழ இப்படிப்பட்ட கட்டடம்தான். மணலும் களியும் மட்கிய பொருளும்தான் சுவர்கள். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகளே அறைகள். நல்ல மண்ணில் பாதி இடம் இத்தகைய வெற்றிடமாக இருக்கும். பெரிய இடைவெளிகளிலிருந்து தண்ணீர் வடிந்துபோய், அங்கே காற்று வந்து நிற்கும். சிறிய இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேருக்கு இரண்டும் வேண்டும், ஏனென்றால் வேரும் நம்மைப்போல மூச்சு விடுகிறது. காற்று கிடைக்காத வேர், தண்ணீர் சூழ்ந்திருந்தாலும் அதை உறிஞ்ச முடியாமல் திணறும். நனைந்த மண்ணில் செடி வாடி நிற்பதைப் பார்த்து மேலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அப்போது நடப்பது இதுதான்.

வயல் மண்ணில் மண்புழுவும் எறும்பும் பழைய வேர்த்தடங்களும் இடைவெளிகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. தொட்டியில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நாம் கலந்த கரிமப் பொருள்தான். கரிமப் பொருள் என்பது ஒரு காலத்தில் உயிரோடு இருந்து இப்போது மட்கிக்கொண்டிருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்: தொழுவுரம், இலைமட்கு, தேங்காய் நார்க்கழிவு, உமி ஆகியவை அதில் அடங்கும். நுண்ணுயிர்கள் அதைத் தொடர்ந்து உண்டு, கரியமில வாயுவாகக் காற்றில் விட்டுவிடுகின்றன. சூடு ஏற ஏற, ஓர் எல்லை வரை, இந்த வேலை விரைவாகும். சித்திரை வெயில் தகிக்கும் நம் மொட்டை மாடியில் அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இறங்கிப்போன அந்த நான்கு விரற்கடையில் ஒரு பகுதி மண் அமுங்கியதால் வந்தது; மற்றது பெரும்பாலும் நுண்ணுயிர்கள் தின்று காற்றில் கலந்துவிட்ட மட்கு.

மட்கு போனதும் மணலும் களியும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்துவிடுகின்றன. நம் பகுதிச் செம்மண் செம்பூராங்கல் சரளையும் களியும் கலந்தது என்பதால் இது இன்னும் கடுமையாகத் தெரியும். ஈரமாக இருக்கும்போது குழைந்து, காய்ந்ததும் செங்கல்போல இறுகிவிடும். கட்டடம் இடிந்து அறைகள் மூடிக்கொண்டன. ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் அதே இடத்தில்தான் கிடக்கின்றன. பழைய தொட்டி மண்ணின் நிலையும் இதுதான்.

கொடியில் காயும் வேட்டி

வடிகால் நன்றாக இருக்க வேண்டும் என்று தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சரளைக்கல் போடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நனைத்துப் பிழிந்த வேட்டியைக் கொடியில் போட்டுப் பாருங்கள்: மேற்பகுதி காய்ந்த பிறகும் கீழ்க்கரை சொட்டச் சொட்ட ஈரமாகவே இருக்கும். நூலிழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் விசை, புவியீர்ப்பைச் சமாளிக்கும் அளவுக்கு அங்கே இருக்கிறது. தொட்டி மண்ணின் அடிப்பகுதியிலும் இப்படி ஓர் ஈரக்கரை எப்போதும் உண்டு. சரளை போட்டால் அந்த ஈரக்கரை மறைவதில்லை. நுண்ணிய இடைவெளியிலிருந்து பெரிய இடைவெளிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது என்பதால், சரளைக்கு மேலே ஏறி நின்றுகொள்கிறது. வேருக்கு மிஞ்சும் காற்றோட்டமான இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. துளையின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு மண் ஒழுகாமல் காக்கும். அதற்கு மேல் கல் தேவையில்லை.

மண் பழையதாகி இடைவெளிகள் சிறுத்துப்போகும்போது இந்த ஈரக்கரையின் உயரம் கூடிக்கொண்டே வருகிறது. முதல் வருடம் அதே அளவு தண்ணீரில் செழித்த செடி மூன்றாம் வருடம் வேர் அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நம் கைராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: செடி மண்ணைத் தின்னவில்லை, கரிமப் பொருள் மட்கிக் கரைந்ததால் மண்ணின் இடைவெளிகள் மூடிக்கொண்டன, அதனால் வேருக்குக் காற்றுக் குறைந்தது. இந்த நிலையில் உரம் மட்டும் போடுவது, மூச்சுத் திணறுகிறவருக்கு விருந்து பரிமாறுவதற்குச் சமம்.

மிஞ்சிப்போகும் உப்பு

பழைய மண்ணில் குறைந்துபோனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்; கூடிப்போனதைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு கட்டுவதை நாம் அறிவோம். தண்ணீர் ஆவியாகப் போய்விடும். அதில் கரைந்திருந்த உப்புகள் போகாது. தொட்டியிலும் தினந்தோறும் இதுவே நடக்கிறது. இப்படிச் சேர்ந்த உப்பு மண்தொட்டியின் வெளிச்சுவரிலும் விளிம்பிலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துத் தெரியும். இங்கே உப்பு என்று சொல்வது சமையலுப்பை மட்டும் குறிக்காது. நீரில் கரைந்து வரும் பல தாதுக்களுக்கும், நாம் போடும் ரசாயன உரத்துக்கும் அது பொதுப்பெயர்.

உப்பு கூடினால் வேருக்கு என்ன ஆகும் என்பதை மாங்காய் ஊறுகாய் போடுகிறவர்களிடம் விளக்க வேண்டியதே இல்லை. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் சற்று நேரத்தில் துண்டுகள் சுருங்கி, பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் மெல்லிய சவ்வைக் கடந்து போவதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். மண்ணில் உப்பு ஏற ஏற, வேர் தண்ணீரை உள்ளே இழுப்பது கடினமாகிறது. மிகவும் ஏறிவிட்டால் வேரிலிருந்தே தண்ணீர் வெளியேறும். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுவது இதன் அடையாளம். "செடி வாடுது, சத்துப் பத்தலை" என்று அந்த நேரத்தில் ஒரு பிடி யூரியாவைப் போட்டால், ஊறுகாய்ச் சாடியில் இன்னும் ஒரு பிடி உப்பைப் போட்டதாகிவிடும். என் மல்லிகைகள் போனது இப்படித்தான்.

இதற்கு மருந்து தண்ணீரேதான். பத்து லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு இருபது லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டாமல், நான்கைந்து தடவையாக, முந்தியது வடிந்த பிறகு அடுத்ததென்று மெதுவாக ஊற்ற வேண்டும். வடியும் நீர் தொட்டிக்குக் கீழே தட்டில் தேங்கினால் உப்பு மறுபடியும் மேலே ஏறிவிடும், ஆகையால் தட்டை எடுத்துவிடுவது அவசியம். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. நாற்புறக் கூரையிலிருந்தும் வளவு முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொண்ட வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அந்த நீரில் ஒரு பங்கைச் செடிக்கு ஒதுக்கலாம். கிணற்று நீர் மட்டுமே இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை, ஏனென்றால் பல மாதங்களாகச் செறிந்துபோன மண்ணின் உப்பைவிட அந்த நீரின் உப்பு குறைவாகவே இருக்கும். மீதியை ஐப்பசி, கார்த்திகை மழை கவனித்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதங்களில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவைக்காமல் நல்ல மழையில் சில நாள் விட்டுவிடுங்கள்.

சுண்ணாம்பும் சாம்பலும்

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் காரைத்தூளும் செங்கல் உடைசலும் வடிகாலுக்கு நல்லது என்று தொட்டியில் கலக்கப்படுகின்றன. செங்கல் உடைசலால் கேடில்லை, இடைவெளி கொடுக்கும். சுண்ணாம்புக் காரை அப்படியல்ல; அது மண்ணின் காரத்தன்மையை உயர்த்திவிடும். காரம் மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் கரையாமல் கிடக்க, வேரால் அதை எடுக்க முடியாது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் இது தெளிவாகத் தெரியும். அடுப்புச் சாம்பலும் இதே வேலையைச் செய்யும். அதில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருப்பது உண்மை, ஆனாலும் கிணற்று நீர் ஊற்றும் தொட்டிக்கு அது வேண்டாம் என்பதே என் முடிவு.

சத்தும் அதன் வரிசையும்

சத்துக் குறைவு என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. இலை வளர்ச்சிக்கான தழைச்சத்து (நைட்ரஜன்) நீரில் எளிதாகக் கரைந்து அடித்துளை வழியே போய்விடும், தினமும் நீர் ஊற்றும் மாடித்தொட்டியில் இன்னும் விரைவாகப் போகும். பூவுக்கும் வேருக்கும் வேண்டிய மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்துகளில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் தங்கிவிடும். சாம்பல்சத்து இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆகவே பழைய மண்ணுக்கு முக்கியமாகத் திரும்பக் கொடுக்க வேண்டியது தழைச்சத்து. நன்கு மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும், இடைவெளியையும் சேர்த்துக் கொடுக்கும்.

'நன்கு மட்கிய' என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்கிறேன். காய்ந்த இலை, மரத்தூள், வைக்கோல் முதலியவற்றை மட்கவைக்காமல் அப்படியே கலந்துவிட்டால், அவற்றைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்கள் உடலை வளர்க்க மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பந்தியில் முதல் இலை அவற்றுக்குத்தான். செடி கடைசிப் பந்திக்குக் காத்திருக்க வேண்டும். இதைத் தழைச்சத்து முடக்கம் என்பார்கள். உரமிட்ட பிறகும் அடி இலைகள் வெளிறிப்போவதற்கு இது ஒரு காரணம். பச்சைச் சாணத்திலும் தழைச்சத்து உண்டென்றாலும், அது தொட்டிக்குள் மட்கும்போது வரும் சூடும் அம்மோனியா வாயுவும் இளவேரைக் கெடுக்கும்.

சுருக்கமாக: உப்பைக் கழுவுவது முதல், இடைவெளியைத் திறப்பது அடுத்தது, சத்துக் கொடுப்பது கடைசி. இந்த வரிசையை மாற்றினால், போட்ட உரத்தை நாமே கழுவி வெளியேற்றுவோம்.

வேரைப் பார்த்தால் நோய் தெரியும்

தொட்டியைக் கவிழ்த்ததும் மண்ணைப் பார்ப்பதற்கு முன் வேரைப் பாருங்கள். கத்தரி, தக்காளி, வெண்டை வேர்களில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய புழு அது. அவரை, தட்டைப்பயறு வேரில் உள்ள உருண்டைகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத்தரும் நுண்ணுயிர்களின் குடியிருப்புகள். வேறுபாட்டை அறிய எளிய வழி உண்டு: பயறு வேரின் உருண்டை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நூற்புழு முடிச்சோ வேரே பருத்துப்போனது, தனியாகப் பிரியாது.

மண்ணை முகர்ந்தும் பார்க்கலாம். முதல் மழையில் எழும் வாசனை வந்தால், காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் நலமாக இருக்கின்றன என்று பொருள். அந்த வாசனையே அவற்றில் சில உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவதுதான். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே காற்று இல்லை.

சந்தேகமான மண்ணுக்கு நம் ஊர் வெயிலே வைத்தியம். கட்டிகளை உடைத்து, வேர்களை அகற்றி, உப்பைக் கழுவி, பிழிந்தால் சொட்டாத ஈரத்தோடு ஒரு சாணுக்கு மிகாத உயரத்தில் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் முழு வெயிலில் விட வேண்டும். கறுப்புத் தாளைவிடக் கண்ணாடித் தாளே நல்லது, வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாமல் பிடிப்பது அதுதான். ஈரமும் முக்கியம், உலர்ந்த மண்ணைவிட ஈர மண்ணில் சூடு ஆழமாக இறங்கும், உறங்கும் வித்துகளும் விழித்துக்கொண்டு எளிதில் மடியும். சித்திரையில் மூடினால் கத்திரி வெயிலையும் சேர்த்துப் பிடித்து, வைகாசிக் கடைசியில் திறக்கலாம். இதில் நல்ல நுண்ணுயிர்களும் ஓரளவு குறையும் என்பதால், திறந்தபின் மண்புழு உரமும், கிடைத்தால் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கலந்துவிடுவது நல்லது.

கலக்கும் முறை

மூன்று பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரமும், ஒரு பங்கு நார்க்கழிவும் கருக்கிய உமியும் சேர்த்ததும் போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும், ஆகையால் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும். கருக்கிய உமி எளிதில் மட்காது, பல ஆண்டு இடைவெளியைத் தாங்கி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. பத்து லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளைச் சேர்த்து, லேசான ஈரத்தோடு நிழலில் இரண்டு வாரம் ஆறவிட்டால் ஆடிப் பட்டத்துக்குத் தயாராகிவிடும். கண்மாய் வண்டலைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வயலுக்கு அது அருமையான மண். தொட்டியிலோ அதன் நுண்ணிய துகள்கள் இடைவெளிகளை அடைத்துவிடும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

நிரப்பிய தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் மேலே நின்றால் உமி போதவில்லை. ஊற்றியதும் ஓரமாக ஓடி வெளியே வந்துவிட்டால் கலவை மிகவும் காய்ந்து நீரை ஏற்க மறுக்கிறது. தொட்டியை அரை மணி நேரம் தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் இறக்கிவைத்தால் அடியிலிருந்து ஊறிக்கொள்ளும். முன்பு கத்தரி இருந்த மண்ணில் தக்காளியோ மிளகாயோ வைக்காமல், கீரையோ அவரையோ போடுங்கள்; முதல் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும்.

எந்த மண்ணை விட்டுவிடுவது

எல்லா மண்ணையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. வேர் முழுவதும் நூற்புழு முடிச்சாக இருந்த மண், காரைத்தூள் நிறையக் கலந்த மண், என்ன கழுவியும் வெளுப்பு மீண்டும் மீண்டும் ஏறும் மண் ஆகிய மூன்றையும் நான் தொட்டிக்குத் திரும்பக் கொண்டுவருவதில்லை. நூற்புழு இருந்த மண்ணை வாழைக்கும் காய்கறிப் பாத்திக்கும் அருகில் கொட்டக் கூடாது, அங்கேயும் அது பரவும். செடி எதுவும் வைக்காத நடைபாதைப் பள்ளத்தை நிரப்ப அது உதவும். காரை கலந்த மண்ணுக்கும் அதே இடம்தான். சென்ற சித்திரையில் ஆச்சி வீட்டு மாடியில் இருபத்திரண்டு தொட்டிகளைக் கவிழ்த்துப் பிரித்தபோது, இப்படி ஒதுக்க வேண்டியிருந்தது மூன்று தொட்டி மண் மட்டுமே. மீதி பத்தொன்பதும் இப்போது அவரைக் கொடியும் அரைக்கீரையுமாக அதே மாடியில் இருக்கின்றன.